இளி என்று வெட்டியது துத்தம் பாடியது

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற நாளில்தான் இந்த வேலை தொடங்கியது. மேலூர்ச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் நான் அறிவியல் ஆசிரியராக இருக்கும் நடுநிலைப் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவர்கள் வந்திருந்தார்கள். 1569இல் அரியநாத முதலியார் எடுப்பித்து, இப்போது கலைக்கூடமாக இருக்கும் ஆயிரங்கால் மண்டபத்தில், 985 தூண்களையும் எண்ணிவிடுவது என்று இரண்டு பையன்கள் கிளம்பி, நூறைத் தாண்டும் முன்பே கணக்கைத் தவறவிட்டார்கள். பிறகு வடக்கு ஆடி வீதிக்கு வந்து இசைத் தூண்களுக்கு முன் நின்றோம். அங்கே ஐந்து கொத்துகள் இருக்கின்றன. ஒவ்வொரு கொத்தும் ஒரே கல்லில் குடைந்தெடுத்த 22 சிறு தூண்களால் ஆனது. சிறு தூண்கள் வெவ்வேறு ஒலி தரும் என்று நான் சொன்னதும், ஒரு மாணவி, "ஒரே கல்லுதானே சார், அப்புறம் எப்படி வேற வேற சத்தம் வரும்?" என்று கேட்டாள்.

அதிர்வெண் மாறுகிறது என்று சொல்லிவிட்டேன். அது பதில் அன்று, கேள்வியையே வேறு சொல்லில் திருப்பிச் சொன்னது என்பது பேருந்தில் திரும்பி வரும்போது உறைத்தது. அந்தத் தூண்களைத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது, தட்டவும் கூடாது. நாயக்கர் காலத்துச் சிற்பி பொறுமையாகச் செதுக்கிய கல்லின் மேல், போகிற வருகிற ஒவ்வொருவரும் நாணயத்தால் தட்டினால் அது எத்தனை காலம் தாங்கும்? ஆகவே, பிள்ளைகள் மனம் கொண்ட மட்டும் தட்டக்கூடிய ஒன்றைப் பள்ளித் தாழ்வாரத்தில் நாமே செய்து வைப்பது என்று முடிவு செய்தேன்.

மாசி வீதிப் பக்கத்துக் கடை ஒன்றில் 25 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள அலுமினியப் பட்டை ஒன்றை வாங்கினேன். கடையில் 'பிளாட்' என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள், எடைக்குத்தான் விலை. 12 அடி நீளப் பட்டை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருந்தது. இரும்பைவிட அலுமினியத்தை ரம்பத்தால் அறுப்பதும் அரத்தால் ராவுவதும் எளிது, மழைக்காலத்தில் துருப்பிடிக்காது, தட்டினால் வெகு நேரம் ரீங்கரிக்கும். மோகன ராகத்தின் ஸ (ஸட்ஜம்), ரி (ரிஷபம்), க (காந்தாரம்), ப (பஞ்சமம்), த (தைவதம்), மேல் ஸ என்று ஆறு பட்டைகள் போதும் என்று திட்டமிட்டேன். மோகனத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஐந்து சுரங்களை எந்த வரிசையில், எந்தப் பிள்ளை எப்படித் தட்டினாலும் காதுக்கு இதமாகவே இருக்கும். பொது இடத்தில் எல்லாரும் தொடும் கருவிக்கு இது முக்கியம். பழந்தமிழ்ப் பெயர்களையும் பிள்ளைகள் அறியட்டும் என்று முறையே குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி என்றே பட்டைகளில் எழுதுவதாக இருந்தேன். பண்டை முல்லைப் பண்ணே இன்றைய மோகனம் என்று இசை அறிஞர்கள் சொல்வார்கள்.

முதல் பட்டையை 30 சென்டிமீட்டருக்கு வெட்டினேன். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி 344 ஹெர்ட்ஸ் என்றது. அதையே குரல், அதாவது ஸட்ஜம், என்று வைத்துக்கொண்டேன். அடுத்த பட்டைகளின் நீளத்தை முடிவு செய்வதில்தான் பெரிய தவறு செய்தேன். வீணைக் கம்பியைப் பாதியில் அழுத்தினால் மேல் ஸட்ஜம் வரும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை அதிரவிட்டால் பஞ்சமம் வரும். ஒன்பதில் எட்டுப் பங்குக்கு ரிஷபம். சிறு வயதில் மனத்தில் படிந்த இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்காமலே பட்டைக்கும் பொருத்தி, மேல் ஸட்ஜத்துக்கு 15, பஞ்சமத்துக்கு 20, ரிஷபத்துக்கு 26.7 சென்டிமீட்டர் என்று மூன்று துண்டுகளை வெட்டிவிட்டேன்.

மூன்றும் சுருதியோடு சேர்ந்தன. அதனால் தவறு உடனே தெரியவில்லை. ரிஷபம் என்று வெட்டியது காந்தாரமாக ஒலித்தது; பஞ்சமம் என்று வெட்டியது மேல் ஸ்தாயி ரிஷபமாக ஒலித்தது (ஸ்தாயி ஒன்று ஏறினால் அதிர்வெண் இரட்டிக்கும்); மேல் ஸட்ஜம் என்று வெட்டியது அதற்கும் ஒரு ஸ்தாயி மேலே போய், ஊசியால் குத்துவது போன்ற ஒரு ஸட்ஜமாக ஒலித்தது. எல்லாமே மோகனத்தின் சுரங்கள்தாம். ஆனால் ஒன்றும் தன் இடத்தில் இல்லை. செயலியில் பார்த்தபோது 15 சென்டிமீட்டர்த் துண்டு 1376 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தது. 344ஐ நான்கால் பெருக்கினால் வரும் எண் அது. நீளம் பாதியானால் அதிர்வெண் இரண்டு மடங்கு ஆகவில்லை, நான்கு மடங்கு ஆகியிருக்கிறது.

கம்பிக்கும் பட்டைக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. இழுத்துக் கட்டிய கம்பியை நேர்நிலைக்குத் திருப்புவது அதன் இழுவிசை. நீளமான அலையானாலும் குட்டையான அலையானாலும் கம்பியில் ஒரே வேகத்தில்தான் ஓடும். ஆகவே ஓட வேண்டிய தூரம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும், அவ்வளவுதான். பட்டையை யாரும் இழுத்துக் கட்டவில்லை. வளைந்த பட்டையைத் திருப்புவது அதன் விறைப்பே. வளைவு எவ்வளவு குட்டையோ அவ்வளவு கடுமையாக விறைப்பு எதிர்க்கும், அந்த அலை அவ்வளவு வேகமாக ஓடும். நீளம் பாதியானால் தூரமும் பாதி, வேகமும் இரண்டு மடங்கு. இரண்டும் சேர்ந்து நான்கு மடங்கு. இதைப் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் எழுதிப் பார்த்த பிறகுதான், வகுப்பில் அதிர்வைப் பற்றிக் கம்பியை மட்டுமே உதாரணம் காட்டிப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பதை உணர்ந்தேன்.

சரியான கணக்கு, குரலின் நீளத்தை அதிர்வெண் விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுப்பது. 30 சென்டிமீட்டர் குரலுக்குத் துத்தம் 28.3, கைக்கிளை 26.8, இளி 24.5, விளரி 23.2, மேல் குரல் 21.2 சென்டிமீட்டர். இந்த முறை ஒவ்வொன்றையும் 2 மில்லிமீட்டர் கூட்டியே வெட்டி, முனையை அரத்தால் ராவிச் சுருதிக்குக் கொண்டுவந்தேன். 24.5 சென்டிமீட்டர்ப் பட்டையில் 1 மில்லிமீட்டர் ராவினால் அதிர்வெண் ஏறத்தாழ 4 ஹெர்ட்ஸ் ஏறும். ராவும்போது பட்டை சூடாகும். சூடு ஆறும் வரை பொறுத்துத்தான் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். தவறிக் கூடுதலாக ராவிவிட்டால் பட்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அடிப்பக்கத்தின் நடுவில் குறுக்காகச் சிறிது ராவிக் கனத்தைக் குறைத்தால் விறைப்புக் குறைந்து சுருதி இறங்கும். கைக்கிளையை நான் அப்படித்தான் மீட்டேன்.

அடுத்த சிக்கல், பட்டையை எங்கே தாங்குவது என்பது. முனைகளைப் பிடித்துக்கொண்டு தட்டினால் 'டொக்' என்று செத்துப் போகிறது. ஏனென்றால் பட்டையின் முனைகளும் நடுவும்தான் மிகுதியாக ஆடுகின்றன. அங்கே கை வைத்தால் கை அந்த ஆட்டத்தைக் குடித்துவிடும். ஆடாத இடம் இரண்டே. அவற்றை எண்ணால் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று, ஒரு மதிய உணவு இடைவேளையில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, குரல் பட்டையை இரண்டு பஞ்சுத் துண்டுகளின் மேல் கிடத்தி, சத்துணவுக் கூடத்திலிருந்து கேட்டு வாங்கிய பொடியுப்பை மேலே மெல்லத் தூவினேன். நடுவில் விரல் கணுவால் மெதுவாக, விடாமல் தட்டத் தட்ட, நடுவில் இருந்த உப்புத் துள்ளி இரு பக்கமும் நகர்ந்தது; முனைகளில் இருந்தது உள்நோக்கி வந்தது. இருபது முப்பது தட்டுகளுக்குள், பட்டைக்குக் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள், சாக்கட்டியால் இழுத்ததுபோல் ஒடுங்கி நின்றன. நடுப்பகுதி துடைத்ததுபோல் இருந்தது. ஒரு பையன் மூச்சு விட்டு உப்பைக் கலைத்துவிட, மற்றவர்கள் அவனைத் திட்டிவிட்டுத் தாங்களே மீண்டும் தட்டினார்கள். கோடுகள் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. அளவுகோலால் அளந்தபோது இரண்டும் முனையிலிருந்து ஏறத்தாழ 6.7 சென்டிமீட்டரில் இருந்தன. நீளத்தில் 22.4 விழுக்காடு என்று கணக்கு சொல்லும் இடம் அதுவே. அதிரும் தகட்டின் மேல் மணலைத் தூவி இப்படி உருவங்களை எழுப்பிக் காட்டி, அவற்றை 1787இல் நூலாக வெளியிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் கிளாட்னி.

கோடு விழுந்த இடங்களில் 5 மில்லிமீட்டர்த் துளையிட்டு, பட்டைகளைச் சட்டத்தில் பொருத்தும் வேலையை எங்கள் ஊர் ஆசாரி அண்ணனிடம் ஒப்படைத்தேன். வேப்பமரச் சட்டம், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகியது, மிக நேர்த்தியாக வந்தது. ஆனால் தட்டினால் தகரத்தைத் தட்டியது போலிருந்தது. பன்னிரண்டு திருகுகளையும் அவர் தம் வழக்கப்படி முழுவதுமாக இறுக்கியிருந்தார். "ஆடாம இறுக்குனாத்தானே சார் வேலை?" என்றார். அவர் சொன்னது மர வேலைக்கு முழு உண்மை. ஒரு பட்டையை மட்டும் தளர்த்தி, அடியில் பழைய சைக்கிள் டியூபின் வளையத்தை வைத்துத் தட்டிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மற்றவற்றையும் தளர்த்தினார். தளர்ந்த திருகு நாளடைவில் கழன்று விழாமல் இருக்க, உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட்டுகளைப் போடும் யோசனையும் அவருடையதே. அது இறுக்காமலே நின்ற இடத்தில் நிற்கும்.

பட்டைகள் கோத்து முடிந்ததும், ஊர்க் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ஒருவரை வரச் சொல்லி வாசித்துக் காட்டினேன். குரல் நாலு கட்டைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்று கேட்டவுடன் சொன்னார். 4 கட்டை என்ற சுருதி 349 ஹெர்ட்ஸ், எங்களுடையது 344. பிறகு துத்தத்தையும் விளரியையும் மாறி மாறித் தட்டிவிட்டு, "தைவதம் இன்னும் கொஞ்சம் ஏறணும் தம்பி, ரிஷபத்தோட ஒட்டல" என்றார். நான் விளரியை ஸட்ஜத்தோடு 5/3 என்ற விகிதத்தில் வைத்திருந்தேன். அது 573 ஹெர்ட்ஸ். அவர் காது கேட்டதோ ரிஷபத்துக்குப் பஞ்சமமாக நிற்கும் தைவதத்தை, அதாவது 27/16 விகிதத்தில் 580 ஹெர்ட்ஸை. முனையில் ஒன்றரை மில்லிமீட்டர் ராவியதும் தலையசைத்தார். 7 ஹெர்ட்ஸ் வேறுபாட்டை எந்தக் கருவியும் இல்லாமல் பிடித்துவிட்ட அந்தக் காதை நான் வணங்குகிறேன்.

திறந்த தாழ்வாரத்தில் பட்டையின் ஒலி சன்னமாகவே கேட்டது. ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் அடைத்த குழாய் ஒன்றைத் தொங்கவிட்டால் உள்ளிருக்கும் காற்றும் கூடவே அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இசைக்கவையை வைத்துச் செய்யும் ஒத்ததிர்வுச் சோதனை இதுதான். வீட்டுக் குழாய் வேலையில் மிஞ்சிய 50 மில்லிமீட்டர் பிவிசி குழாயை நீர் நிறைந்த வாளியில் செங்குத்தாக நிறுத்தி, வாய்க்கு மேலே குரல் பட்டையை ஒருவர் தட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் குழாயை மெல்ல உயர்த்தினார். நீருக்கு மேல் 24 சென்டிமீட்டர் வந்தபோது, யாரோ அறைக் கதவைத் திறந்துவிட்டது போல ஒலி பொங்கியது. ஒரு விரல் தாழ்த்தினால் அடங்கியது. குழாய் வாயின் அகலத்துக்காக 1.4 சென்டிமீட்டர் கூட்டி, நான்கால் பெருக்கி, 344ஆல் பெருக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் அதுதான். வாளியையும் குழாயையும் கொண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒலியின் வேகத்தை அளந்துவிட்டார்கள் என்பதை எழுதும்போது எனக்கு இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது. மதுரையின் சித்திரை வெயிலில், 37 டிகிரி உள்ள நண்பகலில் மீண்டும் செய்தபோது, வேகம் கூடியதால், ஒலி பொங்கும் இடம் 3 மில்லிமீட்டர் தள்ளிப் போனது. குழாயில் இரண்டு கோடுகளையும் அழியா மையால் போட்டு வைத்திருக்கிறோம்.

தாழ்வாரத்தில் வைத்த முதல் மாதத்தில் மூன்று பழுதுகள் வந்தன. தட்டும் கோல்களின் முனையில் ஒட்டியிருந்த ரப்பர்ப் பந்துகள் பிய்ந்து போயின. ஒட்டுவதை விட்டு, மூங்கில் குச்சியைப் பந்துக்குள் துளைத்துச் செருகிக் கயிற்றால் கட்டினோம். பந்து இல்லாத நேரத்தில் பிள்ளைகள் சாப்பாட்டுக் கரண்டியால் தட்டியதில் மேல் குரலில் பள்ளம் விழுந்தது. சுருதி மாறவில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். சைக்கிள் டியூப் வளையங்கள் வெயிலில் இறுகி வெடித்தன. கம்பளித் துணியில் வெட்டிய வளையங்கள் இன்னும் தாங்குகின்றன. பழுது பார்ப்பதைப் பள்ளி நேரத்தில், பிள்ளைகள் கண்ணெதிரேதான் செய்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் காட்சியகத்தில், கருவிகளைச் செய்யும் பட்டறையே பார்வையாளர் காணும்படி அமைந்தது. திருகைக் கழற்றிய நிலையில் ஒரு கருவியைப் பார்த்த பிள்ளை அதை மறுபடி தட்டும்போது வேறு விதமாகக் கேட்கிறது என்பதை நான் கண்டிருக்கிறேன்.

முதலில் தவறாக வெட்டிய மூன்று துண்டுகளை என்ன செய்வது என்று வெகு நாள் யோசித்தேன். பிறகு அவற்றையும் ஒரு பலகையில் பொருத்தி, பக்கத்திலேயே சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒரு வீணைக் கம்பியையும் வைத்து, 'கம்பியின் கணக்கில் இளி என்று வெட்டினேன், துத்தம் பாடுகிறது. ஏன்?' என்று எழுதித் தொங்கவிட்டேன். சரியாகச் செய்த ஆறு பட்டைகளைவிட அந்தப் பலகையின் முன்னால்தான் பெரிய வகுப்புப் பிள்ளைகள் அதிக நேரம் நிற்கிறார்கள்.

ஆனாலும் கோயிலில் கேட்ட கேள்விக்கு அலுமினியம் முழுப் பதில் ஆகாது. அங்கே சிறு தூண்களின் உயரம் ஏறத்தாழ ஒன்றே, கல்லும் ஒன்றே. எஞ்சுவது பருமனும் வடிவமும். நீளம் மாறாதபோது, அதிரும் திசையில் கனம் இரு மடங்கானால் அதிர்வெண்ணும் இரு மடங்காகும். தூணின் இரு முனைகளும் கல்லோடு கல்லாகப் பிடித்திருக்கின்றனவே, எங்கள் பட்டையை முனையில் பிடித்தால் செத்துவிடுகிறதே என்ற ஐயமும் பிள்ளைகளுக்கு இருந்தது. கை என்பது மெத்தென்ற பிடி. அது அதிர்வை உறிஞ்சும். பாறை போன்ற பிடி உறிஞ்சாது, திருப்பி அனுப்பும். இரு முனையும் அசையாமல் பிடித்த தண்டுக்கும், இரு முனையும் விடுதலையாக உள்ள அதே அளவுத் தண்டுக்கும் அதிர்வெண்கள் ஒன்றாகவே வரும் என்பது இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

கல்லுக்குப் பஞ்சமில்லாத பக்கம் எங்களுடையது. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் கடை ஒன்றில், சமையல் மேடைக்கு அறுத்தபின் கழித்துப் போட்ட 18 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டைக் கேட்டு வாங்கி, 60 சென்டிமீட்டர் நீளம், 36 மில்லிமீட்டர் அகலம் என்று அங்கேயே இயந்திரத்தில் அறுத்துத் தரச் சொன்னேன். அகலம் கனத்தைப் போல் சரியாக இரு மடங்கு இருக்க வேண்டும் என்பதுதான் குறிப்பு. முனைகளிலிருந்து 13.4 சென்டிமீட்டரில் கம்பளிச் சுருள்களை வைத்து, அந்த மாணவியையே தட்டச் சொன்னேன். தட்டையாகக் கிடத்தித் தட்டியபோது கல் 218 ஹெர்ட்ஸில் கனத்த குரலில் பாடியது. அதே கல்லை, அதே சுருள்களின் மேல், விளிம்பு மேலே வரும்படி நிமிர்த்தி வைத்துத் தட்டினாள். 430 ஹெர்ட்ஸ், மேல் ஸ்தாயிக்கு மயிரிழை குறைவு. கனத்த தண்டு மெல்லிய தண்டின் கணக்கை முழுவதும் கேட்காது என்பதால் அந்த மயிரிழை. அவள் கல்லை மறுபடி கிடத்தித் தட்டினாள். மறுபடி நிமிர்த்தித் தட்டினாள். பிறகு கோலைக் கீழே வைத்துவிட்டு, கல்லின் கனத்தையும் அகலத்தையும் தன் அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.